ஆக்சிஜனே இல்லாத ஆக்சிஜனேற்றம்: தப்பு பேரிலா, நம்மிடமா?

சும்மாகேட்டேன் · மார்ச் 3, இரவு 9.12

சின்ன வகுப்பில் ஆக்சிஜன் சேர்ந்தால் ஆக்சிஜனேற்றம். இரண்டு வரி தள்ளி, ஹைட்ரஜன் கழன்றுகொண்டாலும் அதுவேதான். பதினொன்றுக்குப் போனால் எலக்ட்ரான் இழப்பு. அடுத்த பக்கத்தில் ஆக்சிஜனேற்ற எண் என்று புதுசாக ஒன்று. நாலில் எது உண்மை? சோடியமும் குளோரினும் சேர்ந்து சாப்பாட்டு உப்பு ஆவதில் ஆக்சிஜன் மருந்துக்கும் கிடையாது. ஆனாலும் சோடியம் 'ஆக்சிஜனேற்றம்' அடைகிறதாம். இல்லாத சரக்கை எப்படி ஐயா ஏற்றுவது?

என் கட்சி: பேரே தப்பு. 'எலக்ட்ரான் இழப்பு' என்று மாற்றிவிட்டால் பாதித் தலைவலி போகும்.

பியூரெட் · மார்ச் 3, இரவு 10.40

பேர் தப்புதான். ஆனால் நீங்கள் நினைக்கிற இடத்தில் இல்லை, அதற்கும் ஒரு படி மேலே. 1770களில் லவாய்சியர் எடை போட்டுப் பார்த்து, எரியும்போது காற்றின் ஒரு பகுதி பொருளோடு சேர்கிறது என்று காட்டினார். அந்த வாயு எல்லா அமிலங்களிலும் இருக்கும் என்று நம்பி, 'அமிலம் உண்டாக்கி' என்று பொருள்படும் கிரேக்க வேர்களை எடுத்து ஆக்சிஜன் என்று பேர் வைத்தார். 1810இல் ஹம்ப்ரி டேவி குளோரின் ஒரு தனிமம் என்று நிறுவியபோது, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்சிஜனே இல்லை என்பதும் தெளிவாகிவிட்டது. ஆக, அப்பன் பேரே தப்பு. பிள்ளை பேரைத் திருத்தி என்ன செய்ய?

'எலக்ட்ரான் இழப்பு' என்று மாற்றினாலும் அடுத்த வாரமே இன்னொருவர் சண்டைக்கு வருவார். கரி எரிந்து கார்பன் டை ஆக்சைடு ஆகிறது. அங்கே கார்பன் எந்த எலக்ட்ரானையும் முழுசாகத் தொலைக்கவில்லை. இரண்டு பேரும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள், ஆக்சிஜன் பக்கம் கொஞ்சம் அதிகமாக இழுபடுகிறது, அவ்வளவுதான். அதற்காகத்தான் ஆக்சிஜனேற்ற எண். பங்கில் இருக்கிற ஜோடியை, அதிகம் இழுக்கிறவன் கணக்கில் முழுசாக எழுதிவிடு என்கிற கணக்குப்பிள்ளை வேலை. மீத்தேனில் கார்பன் −4, கார்பன் டை ஆக்சைடில் +4. எட்டுப் படி ஏறியிருக்கிறது. நாலு வரையறையும் பொய்யில்லை, ஒன்றைவிட அடுத்தது கொஞ்சம் அகலம்.

வடமராட்சி · மார்ச் 4, காலை 6.55

எங்கட இலங்கைப் பாடப்புத்தகங்களில் ஒட்சியேற்றம், அதுக்கு எதிர்ப்பக்கம் தாழ்த்தல். ஒட்சியேற்ற எண் ஏறினால் ஏற்றம், எண் தாழ்ந்தால் தாழ்த்தல். சொல்லே கணக்கைச் சொல்லிப் போடுது. தாழ்த்தலுக்குத் தமிழ்நாட்டில் நீங்கள் எழுதுற 'ஒடுக்கம்' என்பதில் என்ன எங்கே ஒடுங்குது என்று பிள்ளைக்கு எப்பிடி விளங்கும்?

சும்மாகேட்டேன் · மார்ச் 4, காலை 8.20

அட, இது நல்லா இருக்கே. ஆனால் தமிழில் இன்னொரு கண்ணி வெடி இருக்கிறது. எலக்ட்ரானை *ஏற்பது* ஒடுக்கம், *இழப்பது* ஆக்சிஜன்*ஏற்றம்*. பையன்கள் 'ஏற்ற' என்ற எழுத்தைப் பார்த்ததும் 'எலக்ட்ரானை ஏற்றல்' என்று எழுதிவிட்டு வந்து நிற்கிறார்கள். விடைத்தாளில் இது தலைகீழாக வருவதற்குப் பாதிக் காரணம் வேதியியல் இல்லை, இலக்கணம்.

பியூரெட் · மார்ச் 4, காலை 8.47

முழுக்க முழுக்கச் சரி. ஒன்று 'ஏற்று' என்ற வினை, மேலே தூக்குவது. மற்றது 'ஏல்', வாங்கிக்கொள்வது. வேர் வேறு, உருவம் ஒன்று. தப்பிக்க வழி: எலக்ட்ரானுக்கு 'ஏற்பது' என்ற சொல்லையே தொடாதீர்கள். வாங்கியது, விட்டது என்று எழுதினால் போதும். விட்டவன் எண் ஏறும், வாங்கியவன் எண் இறங்கும். எலக்ட்ரானுக்கு எதிர்மின்சுமை என்பதால், அதை வாங்கினால் எண் குறைகிறது. ஆக்சிஜனேற்றி என்பவன் அடுத்தவனை ஏற்றிவிட்டுத் தான் இறங்குகிறவன்.

உலைக்களம் · மார்ச் 4, காலை 9.03

கிணற்று ஏற்றம் மாதிரி. ஒரு முனை மேலே போனால் மறுமுனை கீழே போயாகணும். தனியா ஏற்றம் மட்டும் எங்கேயும் கிடையாது.

வடமராட்சி · மார்ச் 4, காலை 9.10

யாழ்ப்பாணத்திலே துலா எண்டு சொல்லுவம். உதாரணம் பிழையில்லை.

அடுக்களை · மார்ச் 4, பிற்பகல் 2.30

தியரி போதும். பித்தளைக் குத்துவிளக்கு கறுத்துப்போகிறது, அது ஆக்சிஜனேற்றம். புளி போட்டுத் தேய்த்தால் பளபள. அப்போ புளி செய்வது ஒடுக்கம், சரிதானே? செய்முறையும் போட்டுவிடுகிறேன், பலர் தப்பாகச் செய்கிறார்கள்.

எலுமிச்சை அளவு பழைய புளியை வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்துக் கெட்டியாகக் கரைக்கணும். அரை டீஸ்பூன் கல்லுப்பைப் பொடித்துச் சேர்க்கணும். மூன்று நான்கு நிமிடம் தேய்த்தால் போதும். ஊறட்டும் என்று அரை மணி நேரம் விட்டால் பித்தளை அங்கங்கே ரோஸ் நிறத்தில் திட்டுத்திட்டாகிவிடும். அந்தத் திட்டைப் புளி எடுக்காது, பாலிஷ்தான் போடணும். கழுவியதும் சோப்புத் தண்ணீரில் ஒரு முறை அலசி, அப்போதே துணியால் துடைக்கணும். தானாகக் காயட்டும் என்று கவிழ்த்து வைத்தால் மறுநாள் முன்னைவிடக் கறுப்பு. கடைசியில் உலர்ந்த விபூதியால் ஒரு தேய்ப்பு.

பியூரெட் · மார்ச் 4, மாலை 5.15

செய்முறை நூற்றுக்கு நூறு. விளக்கம்தான் இடறுகிறது. புளி செய்வது ஒடுக்கம் கிடையாது. விளக்கின் மேலே இருக்கிற தாமிர ஆக்சைடில் தாமிரம் +2. புளியின் டார்டாரிக் அமிலம் அதைக் கரைக்கிறது. கரைந்த பிறகும் தாமிரம் +2தான். எண் அசையவே இல்லை. வெறும் அமில–காரச் சண்டை. கறுப்பு மறுபடி தாமிரமாக மாறி விளக்கோடு ஒட்டிக்கொள்ளவில்லை; கரைந்து சாக்கடைக்குப் போகிறது, அடியிலிருந்து புதுத் தாமிரம் எட்டிப் பார்க்கிறது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் விளக்கு கொஞ்சம் இளைக்கிறது என்று அர்த்தம். உப்பு எதற்கு என்றால், குளோரைடு அயனி தாமிர அயனியைக் கவ்விக்கொண்டு கரைதலை வேகமாக்குகிறது.

ரோஸ் திட்டு வேறு கதை, அங்கேதான் எண் ஆட்டம் ஆடுகிறது. பித்தளை என்பது தாமிரமும் துத்தநாகமும். அமிலத்தில் நேரம் அதிகமானால் துத்தநாகம் எலக்ட்ரானை விட்டுவிட்டுக் கரைந்து ஓடும். கரைந்திருக்கும் தாமிரம் அதை வாங்கிக்கொண்டு மேலே படியும். மறுநாள் கறுப்பதற்குக் காரணம் மிச்சமிருக்கிற அமிலமும் உப்பும் ஈரமும். சோப்புத் தண்ணீர் அமிலத்தைத் தீர்த்துவிடுகிறது. அதனால்தான் உங்கள் கடைசி அலசல் முக்கியம்.

அடுக்களை · மார்ச் 4, மாலை 6.02

அப்போ இத்தனை நாளாக வீட்டில் உண்மையான ஒடுக்கம் எதுவுமே நடக்கவில்லையா?

உலைக்களம் · மார்ச் 4, இரவு 8.30

நடக்குது. வெள்ளிக் கொலுசு. கறுப்பா இருக்கறது வெள்ளி சல்ஃபைடு. அதை அப்படியே திரும்ப வெள்ளி ஆக்கலாம், ஒரு துளி வெள்ளிகூடப் போகாம.

பீங்கான் அல்லது கண்ணாடிப் பாத்திரத்துல அலுமினியத் தாளைப் பளபளப்பான பக்கம் மேலே வர்ற மாதிரி விரிங்க. அதுமேல கொலுசை வைங்க, *தாளைத் தொட்டுக்கிட்டு* இருக்கணும், அதுதான் மொத்த விஷயமும். ஒரு லிட்டர் கொதிநீருக்கு இரண்டு டேபிள்ஸ்பூன் சமையல் சோடா, ஒரு டேபிள்ஸ்பூன் உப்பு. மெதுவா ஊத்துங்க, பொங்கும். அழுகின முட்டை வாடை வந்தா வேலை நடக்குதுன்னு அர்த்தம், ஜன்னலைத் திறந்து வைங்க. பத்து நிமிஷம். அலுமினியம் எலக்ட்ரானை விடுது, வெள்ளி வாங்கிக்குது, கந்தகம் தண்ணிக்குப் போகுது. சோடா எதுக்குன்னா அலுமினியத்து மேல எப்பவும் இருக்கற ஆக்சைடு தோலை உரிக்க. அது உரியலைன்னா எலக்ட்ரான் வெளியவே வராது.

வேலை செய்யலைன்னா மூணு காரணம்: தண்ணி ஆறிடுச்சு, கொலுசு தாளைத் தொடலை, இல்ல கொலுசுல எண்ணெய்ப் பிசுக்கு. முதல்ல சோப்பு போட்டுக் கழுவிட்டு ஆரம்பிங்க. கல் வச்சது, எனாமல் வச்சது, முத்து வச்சது இதுல போடாதீங்க. பல்பொடி, பேஸ்ட் வச்சுத் தேய்க்கறவங்க தேய்ச்சு எடுக்கறது வெள்ளியைத்தான்.

சும்மாகேட்டேன் · மார்ச் 4, இரவு 8.52

கடையில் 'ஆக்சிடைஸ்டு' நகை என்று விற்கிறார்களே, கறுப்பு ஓரம் வைத்து?

உலைக்களம் · மார்ச் 4, இரவு 9.05

அதை இந்தத் தண்ணில போட்டீங்கன்னா கறுப்பு வேலைப்பாடு மொத்தமும் போய் வெளுத்த வெள்ளியா வந்து நிக்கும். அதோட அந்தப் பேரும் டூப்பு. அது ஆக்சைடே கிடையாது. பொட்டாசியம் சல்ஃபைடு கரைசல்ல முக்கி எடுத்த சல்ஃபைடு.

உலைக்களம் · மார்ச் 4, இரவு 11.48

மேலே எழுதினதைத் திரும்பப் படிச்சா எனக்கே சிரிப்பு வருது. ஆக்சைடு இல்லைங்கறது சரி. ஆனா வெள்ளி 0ல இருந்து +1க்கு ஏறியிருக்கே. எலக்ட்ரானை விட்டிருக்கு. அப்போ ஆக்சிடைஸ்டுதான். கடைக்காரர் தெரியாமலே சரியாச் சொல்லியிருக்கார். 'டூப்பு' வாபஸ்.

பியூரெட் · மார்ச் 5, காலை 7.15

இந்த இழைக்கு இதைவிட நல்ல உதாரணம் தேடவேண்டாம். இன்னும் இரண்டு விபரீதம் சேர்க்கிறேன்.

ஒன்று: ஹைட்ரஜன் பெராக்சைடில் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசலைச் சொட்டினால் (அமிலம் கொஞ்சம் சேர்த்து) ஊதா மறைந்து ஆக்சிஜன் குமிழ் வருகிறது. ஆக்சிஜன் *வெளியேறுகிறது*, ஆனால் பெராக்சைடுக்கு நடந்தது ஆக்சிஜனேற்றம். அதில் ஆக்சிஜன் −1, வெளியே வரும்போது 0. ஆக்சிஜனே ஆக்சிஜனேற்றம் அடைகிறது.

இரண்டு: ஃபுளூரின். அது ஆக்சிஜனையே இழுத்து +2 ஆக்கிவிடும். 'ஆக்சிஜனுக்கு எப்போதும் −2' என்று மனப்பாடம் செய்தவர்களுக்குத் தேர்வில் வெட்டு விழுகிற இடங்கள் இவை இரண்டும்தான்.

வடமராட்சி · மார்ச் 5, காலை 7.40

மூன்றாவது ஒன்று இருக்கு. காந்த இரும்புக்கல்லில் இரும்புக்குக் கணக்குப் போட்டால் 8/3 வரும். எலக்ட்ரானை மூன்றாகப் பிளந்தார்களா என்று பிள்ளைகள் கேட்பினம். பிளக்கேல்லை. மூன்று இரும்பில் ஒன்று +2, இரண்டு +3. சராசரி எடுத்தால்தான் பின்னம். எண் என்பது கணக்கு, அணுவின் மேல் ஒட்டின விலைச்சீட்டு அல்ல.

கம்பிகட்டி · மார்ச் 5, பிற்பகல் 1.10

எல்லாரும் பாத்திரத்துலயே நிக்கிறீங்க. துருவுக்கு வாங்க. அதுல ஒரு நம்பிக்கை இருக்கு: எங்க காத்து நல்லாப் படுதோ அங்கதான் துரு புடிக்கும்னு. தப்பு. ஈர இரும்புல காத்து *கம்மியா* இருக்கற இடம்தான் அரிக்கும்.

நீங்களே பார்க்கலாம். எமரி தாளால பளபளன்னு தேய்ச்ச இரும்புத் தகடு. 100 மில்லி தண்ணில 3 கிராம் உப்பு, கால் டீஸ்பூனுக்கும் கம்மியா பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு (கரைஞ்ச இரும்பு பட்டா நீலம் ஆகும்), பினாப்தலீன் (காரம் பட்டா ரோஸ் ஆகும்) பத்துப் பதினைந்து சொட்டு. இந்தக் கரைசலை ஒரே ஒரு பெரிய துளியா தகட்டு மேல விடுங்க. முதல்ல நீலமும் ரோஸும் புள்ளி புள்ளியா எல்லா இடத்துலயும் வரும். கொஞ்ச நேரத்துல பிரிஞ்சு நிக்கும்: துளியோட நடுவுல நீலம், ஓரத்துல ரோஸ் வளையம், ரெண்டுக்கும் இடையில பழுப்புக் கோடு.

நீலம் = இரும்பு எலக்ட்ரானை விட்டுட்டுக் கரையற இடம். ரோஸ் = ஆக்சிஜன் அந்த எலக்ட்ரானை வாங்கி, தண்ணியோட சேர்ந்து காரமா மாறற இடம். துளியோட ஓரம் மெல்லிசு, அங்க காத்து சுலபமா உள்ள வருது, அதனால வாங்கற வேலை ஓரத்துல. நடுவுல காத்து எட்டலை, அதனால விடற வேலை நடுவுல. ரெண்டும் சந்திக்கற கோட்டுல துரு படியுது. கேம்பிரிட்ஜ்ல இருந்த உலிக் இவான்ஸ் பேர்ல இதை இவான்ஸ் துளின்னு சொல்லுவாங்க.

இதுல இருந்துதான் மத்ததெல்லாம்: வாஷருக்கு அடியில, தகரம் தகரத்து மேல ஏறி உட்கார்ற மடிப்புல, ஈரத் தார்ப்பாய் ஒட்டின இடத்துல ஏன் ஓட்டை விழுதுன்னு. வெளியே தெரியற துரு ஒரு இடம், இரும்பு தேயற இடம் இன்னொரு இடம்.

சும்மாகேட்டேன் · மார்ச் 5, பிற்பகல் 1.45

தலைகீழாக இருக்கிறது. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் ஆக்சிஜனேற்றம். நான் முதலில் கேட்டதே இதுதானே!

கம்பிகட்டி · மார்ச் 5, இரவு 9.30

ஆமா. இதே கணக்குதான் கூரையில இருந்து கான்கிரீட் பெயர்ந்து விழறதுக்கும். கொஞ்சம் நீளமா எழுதறேன்.

நல்ல கான்கிரீட்டுக்குள்ள காரத்தன்மை பி.எச். 12.5க்கு மேல. அந்தச் சூழல்ல கம்பி மேல கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு தோல் ஒண்ணு படிஞ்சு காவல் நிக்கும். கவனிங்க, இதுவும் ஆக்சிஜனேற்றம்தான், ஆனா காப்பாத்தற ஆக்சிஜனேற்றம். ரெண்டு பேர் இந்தத் தோலைக் கிழிப்பாங்க. காத்துல இருக்கற கார்பன் டை ஆக்சைடு மெதுவா உள்ள இறங்கி பி.எச்.சை 9 பக்கம் கொண்டுவரும். இல்ல, உப்புத் தண்ணி, கடல் மணல், கடல் காத்து வழியா வர்ற குளோரைடு. தோல் கிழிஞ்சா துரு. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். கான்கிரீட் வெடிச்சுக் கம்பி நெடுக விரிசல் ஓடும், அப்புறம் பொருக்கு விழும்.

சோதனை: புதுசா உடைச்ச முகத்துல 1% பினாப்தலீன் கரைசலைத் தெளிங்க (அதே ரோஸ் மருந்துதான்). ரோஸ் ஆனா காரம் இருக்கு. நிறமே வரலைன்னா கார்பன் டை ஆக்சைடு அதுவரைக்கும் வந்துடுச்சு. நிறமில்லாத பட்டை கம்பியைத் தொட்டுட்டா ஆபத்து. பழைய முகத்துல, தூசி மேல தெளிச்சா பொய் சொல்லும்.

பழுது பார்க்கறதுல நடக்கற பெரிய தப்பு: பெயர்ந்த இடத்தை மட்டும் சுரண்டி, கம்பிக்கு முன்பக்கம் மட்டும் பிரஷ் போட்டு, சிமெண்ட் பூசி மூடறது. ஒரே வருஷத்துல பக்கத்துல ஒரு அடி தள்ளி வெடிக்கும். மேஸ்திரி மேல பழி விழும். காரணம் எலக்ட்ரான் கணக்கு. இதுவரைக்கும் துரு புடிச்ச இடம் எலக்ட்ரானை விட்டுக்கிட்டே இருந்ததால பக்கத்துக் கம்பியை அது காப்பாத்திக்கிட்டு இருந்துச்சு, அங்கயும் குளோரைடு இருந்தாலும்கூட. நீங்க இந்த இடத்தைச் சுத்தமாக்கினதும் விடற வேலை அடுத்தவன் தலையில விழுது.

அதனால: துரு இல்லாத பளிச்சுன்னு இருக்கற கம்பி தெரியற வரைக்கும், அதுக்கும் மேல 5 செ.மீ. உடைங்க. கம்பிக்குப் *பின்னால* 2 செ.மீ. இடைவெளி வர்ற மாதிரி குடையுங்க, விரல் சுத்தி வரணும். முழுச் சுற்றும் கம்பி பிரஷ். கம்பியோட குறுக்குவெட்டுப் பரப்புல கால்வாசி தேய்ஞ்சிருந்தா பக்கத்துல புதுக் கம்பி சேர்த்துக் கட்டணும். துத்தநாகம் அதிகம் உள்ள பிரைமர், அது காய்ஞ்சதும் பாலிமர் கலந்த மோர்ட்டார் அடுக்கடுக்கா, அப்புறம் ஈரம்.

பியூரெட் · மார்ச் 5, இரவு 10.20

அருமை. ஒரு திருத்தம்: பினாப்தலீன் ரோஸ் காட்டிவிட்டால் நிம்மதி என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். குளோரைடு வந்திருந்தாலும் காரம் குறையாது, ரோஸ் அப்படியே வரும். கடலோரக் கட்டடத்தில் குளோரைடுக்குத் தனியாகப் பொடி எடுத்துப் பரிசோதனைச் சாலைக்கு அனுப்பணும்.

கம்பிகட்டி · மார்ச் 5, இரவு 10.31

சரி. சேர்த்துப் படிச்சுக்கோங்க.

அடுக்களை · மார்ச் 6, காலை 10.00

புதுக் கம்பியில் சிமெண்ட் பால் பூசிவைத்தால் துரு வராது என்கிறார்களே?

கம்பிகட்டி · மார்ச் 6, காலை 10.40

வெறும் சிமெண்ட் பால் ரெண்டு மூணு நாள் தாங்கும். அதுக்கு மேல காய்ஞ்சு பொருக்கா நின்னா கான்கிரீட் கம்பியைப் புடிக்கறதையே கெடுக்கும், உதிர்த்துட்டுத்தான் ஊத்தணும். காரைக்குடி சிக்ரியில (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) உருவாக்கின சிமெண்ட் பூச்சு வேற சங்கதி. அதுல கம்பியை முதல்ல அமிலத்துல சுத்தம் பண்ணி, அரிப்புத் தடுப்பான் கலந்த பாலைப் பூசுவாங்க. பேர் ஒண்ணா இருக்கேன்னு ரெண்டையும் குழப்பிக்காதீங்க. புதுக் கம்பில லேசா கையில ஒட்டாத செந்நிறம் இருந்தா அது கெடுதலே இல்ல. செதிலாக் கழண்டா பிரஷ் போடுங்க.

உலைக்களம் · மார்ச் 6, மாலை 4.15

எலக்ட்ரானை யார் விடறதுங்கற கணக்குலதான் பூச்சு வேலை மொத்தமும் நிக்குது. எலக்ட்ரானை இழுக்கற இழுப்பை வோல்ட்டுல அளந்தா துத்தநாகம் −0.76, இரும்பு −0.44, வெள்ளீயம் −0.14, தாமிரம் +0.34. எண் கீழே இருக்கறவன் முதல்ல விடுவான். ஜி.ஐ. (துத்தநாகம் பூசின இரும்பு) தகட்டுல கீறல் விழுந்தாலும் துத்தநாகம் தான் கரைஞ்சு இரும்பைக் காப்பாத்தும். தகர டப்பாவுல வெள்ளீயப் பூச்சு கீறினா ஈரத்துல நேர் எதிர்: இரும்பு முந்திக்கிட்டுக் கரையும். அதனாலதான் நசுங்கின டப்பா அந்த மடிப்புல முதல்ல ஓட்டையாகும்.

பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசறதும் இதுக்குப் பக்கத்துச் சமாச்சாரம். பூசறது வெள்ளீயம். கரி அடுப்புல பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரப் பொடியைத் தூவி, ஈயக் கம்பியைத் தேய்ச்சு, பஞ்சால சுழட்டி இழுப்பாங்க. வெள்ளீயம் 232 டிகிரில உருகும். நவச்சாரம் எதுக்குன்னா சூட்டுல அது அமோனியாவாவும் ஹைட்ரஜன் குளோரைடாவும் பிரியும். அந்த அமில வாயு தாமிரத்து மேல இருக்கற ஆக்சைடைக் கழுவிவிடும். ஆக்சைடு மேல ஈயம் ஒட்டவே ஒட்டாது, முத்து முத்தா உருண்டு ஓடும். பூச்சுல அங்கங்க முத்து நின்னா காரணம் இதுதான்: சூடு போதலை, இல்ல நவச்சாரம் போதலை. கண்ணாடி மாதிரி மின்ன வேண்டிய பூச்சு மங்கலான சாம்பல் நிறத்துல கையில ஒட்டுச்சுன்னா காரீயம் (லெட்) கலந்திருக்கலாம், அந்தப் பாத்திரத்துல புளிக்குழம்பு வைக்காதீங்க.

வடமராட்சி · மார்ச் 6, மாலை 5.00

செம்பில் களிம்பு போல உயிரில் ஆணவ மலம் ஒட்டியிருக்கு என்று சைவ சித்தாந்தம் சொல்லும். பிறவியிலேயே கூட வந்தது, இடையில் வந்ததில்லை என்று. வேதியியல் ஆசிரியர் இதுக்கு என்ன சொல்லுவார்?

பியூரெட் · மார்ச் 6, மாலை 5.22

களிம்பு வெளியிலிருந்து வருவது. ஈரமும் காற்றும் கார்பன் டை ஆக்சைடும் இல்லாமல் வராது. ஆனால் தாமிரத்துக்கு அதை வாங்கிக்கொள்ளும் சுபாவம் பிறவியிலேயே இருக்கிறது என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறேன். தங்கத்துக்கு அது கிடையாது பாருங்கள். மடத்துக்காரர்களிடம் என்னை மாட்டிவிடாதீர்கள்.

அடுக்களை · மார்ச் 7, காலை 11.20

சமையல் பக்கம் எனக்குத் தெரிந்தவரை:

வாழைப்பூ, வாழைத்தண்டு நறுக்கினதும் மோர்த் தண்ணீரில் போடுவது கறுக்காமல் இருக்க. நறுக்கும்போது செல் உடைந்து, பாலிஃபீனால்கள் மேல் ஒரு நொதி காற்றோடு சேர்ந்து வேலை செய்கிறது. அந்த நொதியின் நடுவில் தாமிரம். மோர் இரண்டு வேலை செய்கிறது: முங்கியிருப்பதால் காற்று தடை, புளிப்பால் நொதி சோம்பல். மேலே மிதக்கிற துண்டு கறுக்கத்தான் செய்யும், தட்டைக் கவிழ்த்து அமுக்கணும்.

இதே நொதியை *வேண்டுமென்றே* வேலை வாங்குவது டீத்தூள். நீலகிரியில் இலையை நசுக்கிப் பரப்பி வைப்பதை ஃபெர்மென்டேஷன் என்பார்கள். புளிக்கவைப்பது என்று நினைத்துவிடக்கூடாது, அங்கே நுண்ணுயிருக்குப் பெரிசாக வேலை இல்லை. சுத்தமான ஆக்சிஜனேற்றம். பச்சைத் தேயிலைக்கு முதலிலேயே ஆவியிலோ சூட்டிலோ நொதியைக் கொன்றுவிடுகிறார்கள்.

தோசைக்கல் பழக்குவதும் இதுதான். எண்ணெய் காற்றோடும் சூட்டோடும் சேர்ந்து பிசினாக இறுகி ஒட்டுகிறது. துடைத்து எடுத்துவிட்டோமோ என்று சந்தேகம் வருகிற அளவுக்கு மெல்லிசாகத் தடவி, புகை வரும்வரை சூடாக்கி, ஆறவிட்டு, நாலு முறை. தாராளமாக ஊற்றினால் மேலே தோல் கட்டும், அடியில் காற்று எட்டாமல் பிசுபிசுப்பாகவே நிற்கும். பழகிய கல்லில் புளி, தக்காளி கொதிக்கவிட்டால் அந்தப் படலம் போச்சு.

உலைக்களம் · மார்ச் 7, பகல் 12.05

அதே பிசின் வேலைதான் மரத்துக்கு அடிக்கற லின்சீட் ஆயில்லயும். ஒரு எச்சரிக்கை. அந்த எண்ணெய் துடைச்ச துணியைச் சுருட்டி மூலையில போட்டுட்டுப் போகாதீங்க. காத்தோட சேரும்போது சூடு வரும். சுருட்டின துணில சூடு வெளியே போகாது. சூடு ஏற ஏற வேலை வேகமாகும். சில மணி நேரத்துல தானாப் பத்திக்கும். விரிச்சுக் கொடியில காயப் போடுங்க, இல்ல தண்ணி நிரப்பின டப்பாவுல முக்கி மூடி வைங்க.

பியூரெட் · மார்ச் 7, இரவு 8.10

வீட்டில் எல்லாவற்றையும்விட ஆபத்தான ஆக்சிஜனேற்றியைப் பற்றி இன்னும் யாரும் பேசவில்லை: பிளீச்சிங் பவுடர். தண்ணீர்த் தொட்டிக்கு 1000 லிட்டருக்கு நல்ல பவுடர் 2.5 கிராம். ஒரு குவளையில் பசையாகக் குழைத்து, தண்ணீர் ஊற்றிக் கலக்கி, சுண்ணாம்பு படியவிட்டு, தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்றிக் கலக்கணும். ஒரு மணி நேரம் கழித்துத்தான் குடிக்கணும். பை திறந்து பல மாதம் ஆன பவுடரில் குளோரின் பாதி பறந்திருக்கும், அளவு அதற்கேற்ப மாறும்.

கழிவறையில் அதைத் தூவிவிட்டு மேலேயே ஆசிட் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், இன்னும் நன்றாகப் பளிச்சிடும் என்று. பவுடரில் குளோரின் +1. ஆசிட்டில் −1. இரண்டும் ஒன்றையொன்று பார்த்தால் நடுவில் 0இல் வந்து நிற்கும், அதாவது குளோரின் வாயு. ஜன்னல் இல்லாத அறையில் நுரையீரல் போய்விடும். ஒரே நாளில் இரண்டையும் உபயோகிக்காதீர்கள்; ஒன்று போட்ட பிறகு நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு மறுநாள்.

சும்மாகேட்டேன் · மார்ச் 9, மாலை 6.40

கம்பிகட்டி சொன்ன மருந்தையே துளியாக விடாமல், கடல்பாசி காய்ச்சி அதில் ஆணியைப் புதைத்துப் பார்த்தது. 100 மில்லிக்கு ஒன்றரை கிராம் கடல்பாசி. ஆணியின் தலையும் கூரும் நீலம், நடு உடம்பு ரோஸ் என்று வரவேண்டுமாம். வந்தது மொத்த ஆணியும் நீலம், ரோஸ் மருந்துக்கும் இல்லை. எங்கே தப்பு?

கம்பிகட்டி · மார்ச் 9, இரவு 7.25

ஆணியைச் சுத்தம் பண்ண ஆசிட்ல போட்டீங்களா?

சும்மாகேட்டேன் · மார்ச் 9, இரவு 7.31

ஆமாம்.

கம்பிகட்டி · மார்ச் 9, இரவு 7.50

அதான். ஆணி மேல ஒட்டியிருந்த ஆசிட் எல்லாப் பக்கமும் இரும்பைக் கரைச்சு நீலம் காட்டியிருக்கு, வந்த காரத்தையும் அதுவே தின்னுடுச்சு, ரோஸ் எப்படி வரும்? எமரி தாள் மட்டும் போடுங்க, ஸ்பிரிட்டுல துடைங்க, கையால தொடாதீங்க. கடல்பாசி கை பொறுக்கற சூட்டுக்கு வந்தப்புறம் ஊத்துங்க. சில மணி நேரத்துல பார்த்துடணும். ரெண்டு நாள் விட்டா நிறம் பரவி எல்லாம் ஒண்ணாயிடும். பக்கத்துல இன்னொரு ஆணிக்குத் தாமிரக் கம்பியையும், மூணாவதுக்குத் துத்தநாகத் தகட்டையும் இறுக்கிச் சுத்தி வைங்க. தாமிரம் சுத்தினதுல ரோஸ் தாமிரத்து மேல வரும், நீலம் ரெண்டு பக்கமும் தாராளமா. துத்தநாகம் சுத்தினதுல ஆணி முழுக்க ரோஸ், நீலம் துளிகூட இருக்காது.

சும்மாகேட்டேன் · மார்ச் 10, இரவு 9.05

எமரி போட்டுச் செய்தாயிற்று. மூன்று தட்டும் சொன்னபடியே. தாமிரம் சுற்றிய ஆணியில் மட்டும் நடுவில் ஒரு இடத்தில் நீலம் கூடுதலாக இருக்கிறது. வளைவு ஒன்றும் இல்லையே?

உலைக்களம் · மார்ச் 10, இரவு 9.20

குறடால புடிச்சு நேராக்கின தழும்பு இருக்கான்னு பாருங்க. நசுங்கின இடம் முதல்ல விடும்.

சும்மாகேட்டேன் · மார்ச் 10, இரவு 9.26

இருக்கிறது.